மோந்து பார்த்துப் போட்ட கையெழுத்து

எங்கள் ஷூ கம்பெனி வேனில், மற்ற வண்டிகளில் சாமி படம் இருக்கும் இடத்தில், டிரைவர் கண்ணுக்கு நேராக ஒரு அட்டை ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட வெள்ளை அட்டை. "குடித்துவிட்டு வண்டி ஓட்டினால், முதல் தடவை: ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால்: இரண்டு வருடம் வரை சிறை, அல்லது பதினைந்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்." அந்த வேனில் போகிற பதினெட்டுப் பெண்களுக்கும் அது மனப்பாடம். சர்ச்சுக்குப் போகிற ஸ்டிட்சிங் அக்கா, ஜெபம் சொல்கிற வேகத்திலேயே அதையும் சொல்லி முடித்துவிடுவாள். அட்டை வந்ததற்குக் காரணம் வண்டி ஓட்டுகிறவன். அவன் என் கூடப் பிறந்த தம்பி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். கோபம் வந்தால் எதிரில் நிற்பது சூப்பர்வைசரா, போலீஸா என்றெல்லாம் பார்க்கத் தெரியாது. ஆம்பூரில் பதினோரு வருடமாக பேஸ்ட்டிங் டேபிளில் வேலை. தைப்பதற்கு முன்னால் தோல் துண்டுகளின் ஓரத்தில் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி, மடித்து, ஒட்டி, தட்டிக் கொடுக்க வேண்டும். சொல்யூஷன் என்றால் பசைதான். டப்பாவைத் திறந்தாலே மண்டைக்கு ஏறும் என்பார்கள். புதிதாக வருகிற பெண்கள் முதல் வாரம் தலையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடுவார்கள். மாஸ்க் கொடுத்தால் நான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "தோல் ஊர்ல பொறந்துட்டு இன்னாடி இவ்ளோ பிகு பண்றீங்க" என்று சிரிப்பேன். எனக்கு ஒன்றும் ஆகாது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

தம்பி அப்போதும் இதே வேனைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். மாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில். வாணியம்பாடியில் அவன் தோஸ்த் ஒருவனுக்குக் கல்யாணம். பிரியாணி சாப்பிடப் போகிறேன் என்று பைக்கில் போனான். திரும்பி வருகிற வழியில், ஹைவேயை ஒட்டின சர்வீஸ் ரோட்டில் போலீஸ் நிறுத்தி, ஊதச் சொன்னார்கள். ஊதினான். மிஷின் கத்தியது. ஸ்டேஷனிலிருந்து எனக்கு போன் வந்தபோது நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஈரப் புடவையோடு ஆட்டோ பிடித்துப் போனேன். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும், "நாசமாப் போறவனே, பொண்டாட்டி வயித்துல ஏழு மாசம்டா, உனக்கு இன்னாடா கொண்டாட்டம்!" என்று நான் ஆரம்பித்தது ரோடு வரைக்கும் கேட்டதாம். கடைசியில் ஏட்டய்யாவே எழுந்து எனக்கு நாற்காலி போட்டு, "உக்காரும்மா, நாங்க திட்ட வேண்டியதையும் நீயே திட்டிட்ட" என்றார்.

கேஸ் கோர்ட்டுக்குப் போனது. குற்றத்தை ஒப்புக்கொண்டான். பத்தாயிரம் அபராதம், ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் கிடையாது. அபராதத்துக்கு அவன் மனைவியின் தோடு போனது. ஜட்ஜ் அம்மா தலையைத் தூக்கி அவனைப் பார்த்து, "அடுத்த தடவை வந்தா இப்படி அனுப்ப மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். ஐந்தாறு வார்த்தைதான். அவன் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது.

வெளியே டீக்கடையில் அவனுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் கூடிவிட்டார்கள். "மூணு வருஷம் ஜாக்கிரதையா இருந்துடு மாமே. அப்புறம் மாட்டுனா அது மறுபடி முதல் கேஸ்தான்" என்று ஒருவன் சட்டம் பேசினான். எங்கள் வக்கீல் டீயைக் கீழே வைத்தார். "அதெல்லாம் பழைய கதைப்பா. அந்த மூணு வருஷக் கணக்கையே எடுத்துட்டாங்க. இனிமே எத்தினி வருஷம் கழிச்சு மாட்டுனாலும் ரெண்டாவது தடவை ரெண்டாவது தடவைதான். ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள போலாம். லைசென்ஸும் மறுபடி போகும்" என்றார். ஆறுதல் சொல்ல வந்த நாலு பேரில் இரண்டு பேர் தங்கள் பைக்கை நைசாகத் தள்ளிக்கொண்டே நடந்து போனதை நான் பார்த்தேன்.

லைசென்ஸ் இல்லாத அந்த ஆறு மாதமும் தம்பி உப்புத்தோல் குடோனில் மூட்டை தூக்கினான். பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கி வைக்கிற குடோன் அது. அந்த வாசனையைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. எங்கள் பக்கம் ரயிலில் போனவர்களுக்கே தெரியும். சாயந்திரம் அவன் தெருவில் திரும்பினாலே எதிர் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். குழந்தை பிறந்த வீடு என்று அவன் மனைவி அவனை வாசலிலேயே நிறுத்தி மூன்று குடம் தண்ணீர் ஊற்றுவாள். பக்கத்து வீட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டு, "உன் தம்பி வந்துட்டான் போல" என்பார். நான் மட்டும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடுவேன். "உங்களுக்கெல்லாம் கொழுப்பு ஜாஸ்தி. உழைச்சுட்டு வர்றவன் மேல இன்னா நாத்தம் அடிச்சுடப் போவுது?" என்று ஊரையே திட்டுவேன். தம்பி தலையைத் தூக்கி ஒரு மாதிரியாக என்னைப் பார்ப்பான். பாசத்தில்தான் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் முடிந்து லைசென்ஸ் கையில் வந்ததும் கம்பெனியில் அவனைத் திரும்ப எடுக்கவில்லை. நியாயம்தானே. ஆனால் அவன் இடத்துக்கு வந்த டிரைவர்கள் ஒருவரும் இரண்டு மாதம் தங்கவில்லை. காலை ஆறரைக்குப் பேரணாம்பட்டு ரோட்டுப் பக்கம் நாலு ஊர் சுற்றிப் பதினெட்டுப் பேரை ஏற்றி, எட்டு மணிக்குள் கேட்டில் இறக்க வேண்டும்; ஒருத்தி ஜடை பின்னி முடிக்கவில்லை என்றால் அதற்கும் நிற்க வேண்டும். கடைசியில் எச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி போட்ட, சத்தமே போடாத மனுஷி.

"உங்க தம்பியைத் திரும்ப எடுக்கலாம். ஆனா மறுபடி மாட்டினா அவருக்கு ஜெயில், எனக்கு வேலை போகும், நடுவுல ஏதாவது ஆச்சுன்னா பதினெட்டுப் பேர் உயிர். யார் பொறுப்பு?"

"நான் பொறுப்பு மேடம்" என்றேன். யோசிக்கவே இல்லை.

"சரி. தினமும் காலைல வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க மோந்து பார்க்கணும். இந்த நோட்டுல கையெழுத்து போடணும். நீங்க கையெழுத்து போடாம வண்டி கிளம்பக் கூடாது."

அப்படித்தான் அந்த நோட்டு வந்தது, அட்டையும் வந்தது. பேஸ்ட்டிங் டேபிளில் பதினோரு வருடம் குனிந்து கிடந்த மூக்கைத் தேடிப் பிடித்து, மோந்து பார்க்கும் வேலைக்குப் போட்டோம். ஷூ கம்பெனிக்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு அது. மேடத்துக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, சக பெண்கள் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடிந்தும் விடியாமலும் எங்கள் தெரு முனையில் வேன் நின்றது. நான் நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கலெக்டர் மாதிரி போனேன். "ஊதுடா" என்றேன். ஊதினான். மூஞ்சிக்கு நேராக, நன்றாக. இழுத்து மோந்தேன். ஒன்றும் இல்லை. "ஓகே" என்று கையெழுத்துப் போட்டேன். அவன் நகராமல் நின்றான். "சரியா பார்த்தியாக்கா?" என்றான். "எனக்கே சொல்லித் தர்றியா? ஏறுடா" என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

அன்றைக்கு அவன் வண்டியை மாட்டு வண்டி மாதிரி ஓட்டினான். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு கோழி குறுக்கே வந்ததற்கு முழுசாக நிறுத்திவிட்டான். "அண்ணா, இறங்கித் தள்ளட்டுமா?" என்று பின் சீட்டுப் பெண்கள் கேலி செய்தார்கள். அத்தனை பேருக்கும் கால் மணி நேரம் லேட். நான் மட்டும், "பார்த்தீங்களாடி, எங்க ஆளுக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்று மார்தட்டிவிட்டு, அவன் பின் சீட்டிலேயே நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அது ஒரு சடங்காகிவிட்டது. எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் ஒவ்வொரு பீஸையும் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் சில்வர் பேனாவால் வட்டம் போடுவார்கள். அதே பேனாவை ஒருத்தி தட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் மோந்து பார்த்து ஓகே சொன்னதும், அவள் தம்பியின் புறங்கையில் ஒரு டிக் போடுவாள். "ஃபர்ஸ்ட் குவாலிட்டி, எக்ஸ்போர்ட்டுக்குப் போலாம்" என்பாள் இன்னொருத்தி. டிக் போட்ட கையோடு தம்பி ஸ்டியரிங்கைப் பிடிப்பான். மூன்று மாதம் இப்படி ஓடியது. நோட்டில் என் கையெழுத்து பக்கம் பக்கமாக நிறைந்தது. எனக்குப் படிப்பு கம்மி. என் கையெழுத்தை நம்பி ஒரு வண்டி கிளம்புவது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இரண்டாம் மாதத்திலிருந்து கையெழுத்துக்குக் கீழே கோடு போடக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை வந்தது. காலையில் அடுப்பில் பால் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தார். "வீடே கருகல் நாத்தம்டி! உக்காந்துகினே இருக்கியே!" பாத்திரம் அடி கறுத்துக் கிடந்தது. "சொல்யூஷன் டப்பா முன்னாடி நாள் பூரா உக்காந்துகினு இருந்தா நீங்களும் இப்படித்தான்" என்று அவர் மேலேயே பாய்ந்தேன். சொன்னது என் வாய்தான். ஆனால் என் காதில் அது விழவில்லை.

தம்பி ஊதினான், நான் மோந்தேன், கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டேன், வண்டி கிளம்பியது. முந்தின நாள் ஞாயிறு. அவன் காட்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, பொழுது சாய்ந்த பிறகு பஸ்ஸில் வந்து இறங்கியதை நான் பார்த்திருந்தேன்.

கடைசி ஸ்டாப்பில் பேக்கிங் செக்‌ஷன் தங்கச்சி ஏறினாள். உருது பேசுகிற வீட்டுப் பெண். சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அளந்துதான் பேசுவாள். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க டிபன் பாக்ஸுல இன்னா இருக்கு?"

"நேத்து வெச்ச மீன் குழம்பு. ஏன்?"

"கெட்டுப் போச்சுக்கா. ஏறும்போதே அடிக்குது."

எனக்கு வந்ததே கோபம். மூடியைத் திறந்து மூக்குக்கு நேராகப் பிடித்து இழுத்தேன். "ஜம்முனு இருக்கு, போடி" என்றேன். திறந்த டப்பாவோடு திரும்பிப் பார்க்கிறேன், முன் சீட்டு முதல் கடைசி சீட்டு வரை எல்லாரும் முந்தானையை மூக்கில் வைத்திருக்கிறார்கள். ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டாள்.

அந்தத் தங்கச்சி கைப்பையிலிருந்து குட்டி அத்தர் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்தாள். பஞ்சை இரண்டாகப் பிய்த்து, ஒன்றில் மட்டும் அத்தரைத் தொட்டாள். என்னைத் திரும்பிக்கொள்ளச் சொன்னாள். பிறகு இரண்டு கையையும் மூடி நீட்டினாள்.

"எந்தக் கைல அத்தர் இருக்குது, சொல்லுங்கக்கா."

வலது கையை மோந்தேன். இடது கையை மோந்தேன். மறுபடி வலது. இரண்டிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இது" என்று இடது கையைத் தொட்டேன். விரித்தாள். வெறும் பஞ்சு.

"இன்னொரு தடவை" என்றேன். அதுவும் தப்பு. மூன்றாவது தடவை அவள் பஞ்சை என் உதட்டுக்கு மேலேயே வைத்தாள். ஈரம் தெரிந்தது. வாசனை தெரியவில்லை. மோந்தே பார்க்காதவர்களுக்குக்கூட அத்தர் வாசனை தெரிந்துவிட்டது. வேன் பூரா மணக்கிறது என்று கடைசி சீட்டிலிருந்து ஒருத்தி சொன்னாள்.

எல்லாரும் என் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தார்கள். மூன்று மாதக் கையெழுத்து, கீழே கோடு வேறு. உப்புத்தோல் குடோன், ஜன்னலைச் சாத்திய வீட்டுக்காரர், கருகின பால் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. நேற்று தம்பி கல்யாண வீட்டில் குடித்தானா இல்லையா? எனக்குத் தெரியாது. மூன்று மாதமாக ஒரு நாள்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. "தம்பி, வண்டிய ஓரமா நிறுத்து" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் வண்டி தானாகவே நின்றது. ஹைவேயில் ஏறுகிற இடத்தில் இரும்புத் தடுப்பு. கம்பெனி வேன், ஸ்கூல் வேன் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"போச்சுடா" என்றாள் சில்வர் பேனாக்காரி. ஸ்டிட்சிங் அக்கா "ஏசப்பா, ஏசப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். பேக்கிங் தங்கச்சி உதட்டுக்குள் துவா ஓதினாள். நான் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாகவும், அது போதாதென்று மொட்டை போடுவதாகவும் வேண்டிக்கொண்டேன். யாருக்கு மொட்டை என்று சொல்லவில்லை. தம்பிக்குத்தான் போட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்தேன்.

எஸ்.ஐ. லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். "முன்னாடி கேஸ் ஏதாவது இருக்கா?"

பொய் சொல்வான் என்று நினைத்தேன். "இருக்கு சார். போன வருஷம். குடிச்சுட்டு பைக் ஓட்டுனேன்" என்றான் தம்பி.

"மறுபடி மாட்டுனா இன்னான்னு தெரியுமா?"

அவன் வாயைத் திறப்பதற்குள், பழக்க தோஷம், பின்னாலிருந்து பதினேழு குரலும் ஒன்றாக எழுந்தன. "இரண்டு வருடம் வரை சிறை, அல்லது பதினைந்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்!" என் குரல் மட்டும் வரவில்லை. நான் நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எஸ்.ஐ. ஒரு அடி பின்னால் நகர்ந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு மிஷினில் புதுக் குழாயைச் சொருகி நீட்டினார். தம்பி ஊதினான். ஒரு ஷூ தைத்து முடிக்கிற நேரம் ஆனது போல இருந்தது எனக்கு. எஸ்.ஐ. மிஷினைத் திருப்பி எங்களுக்கே காட்டினார். முட்டை. சுத்தமான பூஜ்யம்.

வேனுக்குள் எழுந்த சத்தத்தில் பக்கத்து ஸ்கூல் வேன் குழந்தைகளும் சேர்ந்து கை தட்டின. "அது இன்னா நோட்டு?" என்று எஸ்.ஐ. கேட்டார். ஸ்டிட்சிங் அக்கா உளறிவிட்டாள்: "தினமும் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுத்தான் சார் வண்டி எடுப்போம்." அவர் பக்கங்களைப் புரட்டினார். "பரவாயில்லயே! யாரு மோந்து பார்க்கிறது?" பதினேழு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். "நல்ல மூக்கும்மா உனக்கு" என்று சொல்லி நோட்டைக் கொடுத்தார். வண்டி கிளம்பி ஹைவேயில் ஏறும் வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள் பாருங்கள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

சாப்பாட்டு நேரத்தில் வேன் நிற்கிற ஷெட்டுக்குப் போனேன். தம்பி டயருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், எனக்கு மூக்கு வேலை செய்யலடா."

"தெரியும்க்கா" என்றான். பைப்பை நிறுத்தினான்.

"எப்ப தெரியும்?"

"குடோனுக்குப் போனப்பவே சந்தேகம். முத நாள் நிச்சயமாத் தெரிஞ்சுபோச்சு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வேலை திரும்பக் கெடைச்சுதுன்னு அதுக்கு முந்தின நாள் சாயந்திரம் குடிச்சுட்டேன்க்கா. தூங்கி எழுந்தா போயிடும்னு நெனச்சேன். காலைல எனக்கே என் வாய் நாறுது. சரி, அக்கா கண்டுபிடிச்சுடும், நாலு அறை விடும், வீட்டுக்கு அனுப்பிடும்னு வந்து ஊதுனேன். நீ ஓகே போட்டுட்ட."

சைக்கிள்காரன் தாண்டிப் போன அந்த நாள். கோழிக்கு வண்டியை நிறுத்திய அந்த நாள்.

"சரியா பார்த்தியான்னு கேட்டேன். முதுகுல ஒண்ணு வெச்ச. அப்பவே எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லியிருக்கணும். சொல்ல தைரியம் வரல. பதினெட்டுப் பேரு ஏறிட்டீங்க. நீ என் பின்னாடியே உக்காந்து தூங்கிட்ட. கண்ணாடில உன்னைப் பார்த்துகினே ஓட்டுனேன். இவ்ளோ பேரையும் பார்த்துக்க வேற யாருமே இல்ல, நான் ஒருத்தன்தான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. யாருக்கும் வாடை அடிக்கக் கூடாதுன்னு ஜன்னலைத் திறந்து வெச்சுகினு வாயே திறக்கல. அதுக்கப்புறம் தொடலக்கா. சத்தியமா. நேத்து கல்யாணத்துல கூட வெறும் கலர் சோடாதான் குடிச்சேன்."

கையில் கெட்டுப்போன மீன் குழம்பு டிபன் பாக்ஸ் இருந்தது. அதாலேயே அவன் தோளில் இரண்டு போட்டேன். மூன்றாவதுக்குக் கை ஓங்கினேன், முடியவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டேன். கோபமா, பயமா, பாசமா என்று கேட்டால் மூன்றும்தான். அன்றைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் கையெழுத்து எத்தனை பேரின் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கும்!

"மேடத்துகிட்ட நான் என் மூக்கைச் சொல்லப் போறேன். நீ உன்னுதைச் சொல்லு" என்றேன். இரண்டு பேரும் கை கழுவாமல் அப்படியே போனோம். மேடம் எல்லாவற்றையும் கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தம்பிக்கு இரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் விடுப்பு. அதற்குப் பிறகும் வண்டியில் போகிற பெண்கள் சம்மதித்தால்தான் வேலை. எனக்கு டாக்டரிடம் போகச் சீட்டும், செக்கிங் டேபிளுக்கு மாற்றலும். வேலூரில் டாக்டர் என் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்து, பசையை விட்டுத் தள்ளி இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். பேஸ்ட்டிங் டேபிளில் இப்போது எல்லாருக்கும் மாஸ்க் கட்டாயம். கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்தால் நான் சும்மா விடுவதில்லை.

இரண்டு வாரம் கழித்து தம்பி வேனை எடுத்து வந்தான். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி நின்று, ஏறுகிறவர்களிடம் அவனே அந்த முதல் நாள் கதையைச் சொன்னான். ஸ்டிட்சிங் அக்கா திட்டித் தீர்த்தாள். ஒருத்தி மூன்று நாள் பஸ்ஸில் போய்விட்டு நாலாம் நாள்தான் ஏறினாள். பேக்கிங் தங்கச்சி மட்டும், "அண்ணா, அன்னிக்கு நானும் வண்டில இருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். சில்வர் பேனாக்காரி அட்டையில் "அல்லது இரண்டும்" என்பதற்குக் கீழே, "அதுக்கு அப்புறம் உதைக்க நாங்க இருக்கோம்" என்று எழுதினாள்.

மோந்து பார்க்கிற வேலை தங்கச்சிக்குப் போனது. நல்ல மூக்கு அவளுக்கு. காலையில் அவன் தின்றது இட்லியா தோசையா என்பதையே சொல்லிவிடுகிறாள். அவளுக்காக வண்டி முதலில் காலியாக அவள் ஊருக்கே போய்விட்டு, அப்புறம்தான் எங்கள் தெரு முனைக்கு வரும். அவள் மோந்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் நான் ஏறுவேன்.

அப்படி ஏறப் போன முதல் காலையில் தம்பி இறங்கி என் எதிரில் வந்து நின்றான். புறங்கையில் டிக் ஏற்கெனவே இருந்தது.

"நீயும் பாருக்கா" என்றான்.

"இன்னாடா, எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

"அதனாலதான். நீ ஓகே போட்டாதான்க்கா எனக்குப் பயம் இருக்கும்" என்று சொல்லி, என் மூஞ்சிக்கு நேராக ஊதினான்.

மூச்சு சூடாக இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நோட்டை வாங்கி, தங்கச்சி கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். கீழே கோடு போடவில்லை. இத்தனை நாள் போட்டதில், எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தே போட்டது அது ஒன்றுதான்.